கேட்பவர் காத்த வானொலி

சங்கீதத்தை விலைக்குக் கொடுப்பவருக்கு வாயிற்கதவு ஒன்று இருத்தல் வேண்டும். கச்சேரி மண்டபத்துக்கு நுழைவுச் சீட்டு உண்டு. இசைத்தட்டுக்குக் கடை உண்டு. வானொலிக்கோ கதவும் இல்லை, மதிலும் இல்லை. ஒலியலை ஒருமுறை வானிற் பரவிவிட்டதாயின் காசு கொடுத்தவர் வீட்டிலும் அது கேட்கும். கொடாதவர் வீட்டிலும் கேட்கும். அடுத்த வீட்டார் கேட்பதனால் நமக்கு ஒரு சுரமேனும் குறைந்துபோவதில்லை. இத்தகைய விசித்திரமான பண்டத்துக்கு யார் விலை கொடுப்பது? வானொலி தோன்றிய நாள்முதலாக அதனை நடத்துவோரை வாட்டிவரும் கேள்வி இது.

பிரித்தானியர் 1922ஆம் ஆண்டிலேயே ஒரு வழி கண்டனர். வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் பத்துச் சிலிங் செலுத்தி அனுமதிப் பத்திரம் பெறல் வேண்டுமென விதித்தனர். வானொலிக்கெனத் தனியே இருந்த அனுமதிப் பத்திரம் அங்கு 1971 வரை நிலைத்தது. நம் நாட்டிலும் வானொலிப் பெட்டிக்கு அனுமதிப் பத்திரம் வாங்கிய காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அமெரிக்கரோ வேறு வழியிற் சென்றனர். நமது கோயில் திருவிழாக்களில் ஒவ்வொரு நாளைக்கும் ஓர் உபயகாரர் இருப்பார். மேளகாரருக்குக் கொடுப்பவர் அவர்; கேட்டு மகிழ்வோர் ஊரவர். அமெரிக்க வானொலி வளர்ந்ததும் ஏறத்தாழ இம்முறையிலேதான். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. அங்கே உபயகாரர் சவர்க்காரக் கம்பனியார். ஆலாபனை முடிந்து கீர்த்தனை தொடங்குமுன் தமது சவர்க்காரத்தின் பெருமையையும் ஒருமுறை பாடச் செய்துவிடுவார்.

இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அதில் சட்டத்தின் வற்புறுத்தல் இல்லை. விளம்பரத்தின் ஆதிக்கமும் இல்லை. கேட்பவர் தாமே மனமுவந்து கொடுப்பது அது. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு எவர் பணம் கொடுப்பார் என்று வாசகர் கேட்கலாம். கொடுக்கத்தான் செய்கிறார்கள். நியூயோர்க் மாநகரில் மேலைநாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தை ஒலிபரப்பும் டபிள்யூ. கியூ. எக்ஸ். ஆர். என்னும் நிலையம் 2009ஆம் ஆண்டு முதல் இந்த வழியிலேயே வாழ்ந்துவருகின்றது. அதற்கு முன்னர் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அது விளம்பரப் பணத்தில் வாழ்ந்தது. இரு வாழ்வையும் கண்ட நிலையமாதலால் அதன் வரலாறு அறியத்தக்கது.

அந்நிலையம் சங்கீதத்துக்காகத் தொடங்கப்பட்டதன்று. ஜோன் ஹோகன் என்னும் பொறியியலாளர், படங்களை வானலை மூலம் அனுப்பும் பரிசோதனைக்காக 1929இல் அரசாங்க அனுமதி பெற்றார். ஹோகன் சாமானியர் அல்லர். வானொலி வால்வின் வளர்ச்சிக்கு வழிகோலிய லீ டி பொரெஸ்டிடம் இளம் வயதிலேயே பணிபுரிந்தவர். முற்கால வானொலிப் பெட்டிகளில் ஒரு நிலையத்தைப் பிடிக்கப் பல குமிழ்களை மாறிமாறித் திருகவேண்டும். ஒரே குமிழைத் திருப்பி நிலையத்தைப் பிடிக்கும் முறைக்கு 1912இல் காப்புரிமை பெற்றவர் இவர்தான். இவருடைய பரிசோதனை நிலையத்துக்கு அரசாங்கம் வழங்கிய குறியீடு 'டபிள்யூ. 2 எக்ஸ். ஆர்.' என்பதாகும்.

அக்காலத்துத் தொலைக்காட்சி இன்றையதைப் போன்றதன்று. துளைகளிட்ட தட்டொன்றைச் சுழலவிட்டு, அத்துளைகளினூடாகச் செல்லும் ஒளியைக்கொண்டு மங்கலான சிறு படமொன்றை ஆக்கும் யந்திரம் அது. படத்துடன் ஒலியும் செல்லவேண்டுமல்லவா? அதற்காக ஹோகன் தமக்குப் பிரியமான சாஸ்திரீய சங்கீத இசைத்தட்டுக்களைச் சுழலவிட்டார். படம் வெற்றி பெறவில்லை. ஆனால் சங்கீதத்தைத் தற்செயலாகக் கேட்டவர்கள் கடிதம் எழுதத் தொடங்கினர். படத்தைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. பாட்டு எப்போது மீண்டும் வரும் என்பதே அவர்கள் கேள்வி.

அவர்கள் அவ்வாறு மயங்கியதற்குப் பொறியியற் காரணம் ஒன்றும் உண்டு. 1930களின் நடுப்பகுதியில், ஒலியின் தரத்தை உயர்த்தும் பரிசோதனைக்கென அமெரிக்க அரசாங்கம் மூன்று அலைவரிசைகளைத் தனியே ஒதுக்கியது. சாதாரண நிலையத்துக்குக் கிடைத்த அகலம் 10 கிலோசைக்கிள், இவற்றுக்கு 20. ஒழுங்கை அகலமாயிருந்தால்தானே தேர் போகலாம்! குறுகிய அலைவரிசையில் வயலினின் உச்ச நாதங்களும், தாளக்கருவிகளின் துல்லியமும் வெட்டுண்டு போகும். அகன்ற வரிசையில் அவை பெரிதும் சேதமின்றி வந்து சேர்ந்தன. 1550 கிலோசைக்கிளில் ஒலித்த ஹோகனின் நிலையத்தைக் கேட்டவர்கள், வானொலியில் வாத்தியங்கள் இவ்வளவு தெளிவாக ஒலிக்குமா என வியந்தனர்.

இந்தக் கடிதங்களைத் தொழிலாக மாற்ற முடியுமென்று கருதியவர் எலியட் சாங்கர் என்பவர். இருவருஞ் சேர்ந்து கம்பனி ஒன்றை அமைத்தனர். 1936ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 3ஆம் திகதி பரிசோதனை நிலையம் வர்த்தக நிலையமாயிற்று. பழைய நேயர்கள் பெயரை மறந்துவிடலாகாது என்பதற்காக, கையெழுத்தில் 2 என்னும் இலக்கத்தை ஒத்திருக்கும் ஆங்கிலக் 'கியூ' எழுத்தை அதனிடத்தில் வைத்தனர். டபிள்யூ. கியூ. எக்ஸ். ஆர். என்ற பெயர் பிறந்த கதை இதுதான்.

விளம்பரத்தில் வாழ்ந்தாலும் அந்நிலையத்தார் சில எல்லைகளை வகுத்துக்கொண்டனர். பாட்டாகப் பாடும் விளம்பரங்களை 1944இல் அடியோடு விலக்கினர். பீத்தோவனின் சிம்பொனி ஒன்று முடிந்த கையோடு பற்பசையைப் புகழும் சிறுபாட்டைக் கேட்க நேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், அவர்கள் துறந்த வருமானத்தின் பெறுமதி விளங்கும். நிலையத்துக்கெனத் தந்திவாத்தியக் கலைஞர் நால்வர் கொண்ட குழு ஒன்றையும் வைத்திருந்தனர். மற்றொரு செயல் நம் கதைக்கு இன்னும் முக்கியமானது. எந்த நாளில் எந்த உருப்படி ஒலிபரப்பாகும் என்ற விவரத்தை மாதந்தோறும் சிறு நூலாக அச்சிட்டு, சந்தாவுக்கு விற்றனர். நேயர்கள் அதனைப் பணம் கொடுத்து வாங்கினார்கள். சங்கீதத்துக்கு வாயிற்கதவு இல்லாவிட்டாலும் கேட்பவர் கைப்பணம் வரக்கூடும் என்பதற்கு அது சிறியதோர் அறிகுறி. ஆயினும் அக்காலத்தில் அதனை எவரும் அப்படி நோக்கவில்லை.

1944இலேயே 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகை, ஏறத்தாழப் பத்து இலட்சம் டொலர் கொடுத்து நிலையத்தை வாங்கியது. செல்வமும் மதிப்பும் உள்ள அந்த வீட்டிலே அது அறுபத்தைந்து ஆண்டுகள் சௌகரியமாக இருந்தது. 1939இலேயே தொடங்கப்பட்டிருந்த அதன் பண்பலை ஒலிபரப்பு பின்னர் 96.3 என்னும் இடத்தில் நிலைபெற்றது. நியூயோர்க் நேயர்களுக்கு அந்த எண், வீட்டு இலக்கம் போல மனப்பாடமாயிற்று. இந்த நீண்ட இடைக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுகமாயிருந்த காலத்துக்குச் சரித்திரம் குறைவு.

இதே காலத்தில் அமெரிக்காவின் மறுகரையிலே, கலிபோர்ணியா மாநிலத்துப் பேர்க்லி நகரில், லூயிஸ் ஹில் என்னும் இளைஞர் மூன்றாவது வழியைப் பரீட்சித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ஆயுதம் ஏந்த மறுத்தவர் அவர். வானொலி அறிவிப்பாளராகவும் பணிபுரிந்தவர். பணம் கொடுப்பவனின் சொல்லையே அறிவிப்பாளன் தன் சொல்லாகப் பேசவேண்டியிருக்கிறதே என்பது அவர் மனத்தை அரித்தது. 1946இல் பசிபிக்கா என்ற அறநிலையத்தை நிறுவி, 1949 ஏப்பிரல் 15ஆம் திகதி கே. பி. எப். ஏ. என்னும் நிலையத்தைத் தொடங்கினார். பண்பலைப் பெட்டி வைத்திருந்தோர் அந்நாளில் மிகச் சிலர். விளம்பரம் அறவே இல்லை. நேயர் ஒருவர் ஆண்டுக்குப் பத்து டொலர் சந்தா கொடுக்கலாம். கொடுக்காவிட்டாலும் கேட்கலாம்.

அவருடைய கணக்கு எளியது. கேட்பவர் நூறு பேரில் இருவர் கொடுத்தாற் போதும். எஞ்சிய தொண்ணூற்றெண்மர் இலவசமாகக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்பதே அது. வியாபாரிகள் இதனைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். முதலாண்டு அனுபவமும் சிரிப்பவர் பக்கமே இருந்தது. பணம் தீர்ந்துபோகவே 1950 ஓகஸ்டில் நிலையம் மௌனமாயிற்று. நேயர்கள் விடவில்லை. மீண்டும் பணம் திரட்டினர். அடுத்த ஆண்டு மே மாதத்தில் நிலையம் மறுபடி ஒலித்தது. பின்னர் போர்ட் அறநிதியத்தின் பெருங்கொடை ஒன்றும் வந்து உதவிற்று. ஹில் 1957இல், முப்பத்தெட்டு வயதில், காலமானார். அவர் தொடங்கிய நிலையம் இன்றும் இயங்குகின்றது.

நியூயோர்க்கிலோ நேயர்கள் பணம் கொடுக்கும் வழக்கம் சாஸ்திரீய சங்கீதத்துக்கு உடனே வந்து சேரவில்லை. அவர்கள் முதலில் வேறொரு வாசலைத் தட்டிப் பார்த்தார்கள். அது நீதிமன்றத்தின் வாசல்.

அம்மாநகரில் டபிள்யூ. என். சி. என். என்ற இன்னொரு சாஸ்திரீய சங்கீத நிலையம் இருந்தது. 1974 நவம்பரில் அதன் உரிமையாளர் ஒருநாள் சங்கீதத்தை நிறுத்திவிட்டு, 'ரொக்' எனப்படும் இளைஞர் இசைக்கு மாறினார். நிலையத்தின் பெயரையும் மாற்றினார். நேயர்கள் கொதித்தெழுந்தனர், சங்கம் அமைத்தனர், வழக்குத் தொடுத்தனர். அவர்களுடைய போராட்டத்தின் பயனாக நிலையம் வேறொரு கம்பனியின் கைக்கு மாறி, 1975 ஓகஸ்டில் பழைய சங்கீதமும் பழைய பெயரும் திரும்பின. ஒரு வானொலி நிலையத்தின் கதியை அதன் நேயர்கள் திருப்பிவிட்டார்கள் என்று அக்காலத்திற் பெரிதும் பேசப்பட்டது.

அவ்வெற்றி நிலைத்திருந்தால் நம் கதை வேறுவிதமாகியிருக்கும். எத்தகைய இசையை ஒலிபரப்புவது என்பதைச் சந்தையே தீர்மானிக்கலாம், நாம் அதில் தலையிடவேண்டியதில்லை என்பது ஒலிபரப்பைக் கண்காணிக்கும் அரச ஆணைக்குழுவின் கொள்கை. நேயர் சங்கம் இதனை எதிர்த்துச் சென்றது. கீழ்நிலை மேன்முறையீட்டு மன்றம் சங்கத்தார் பக்கம் சாய்ந்தது. ஆனால் 1981 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எழுவருக்கு இருவர் என்ற கணக்கில், ஆணைக்குழுவின் கொள்கை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நிலையத்தின் அனுமதிப் பத்திரம் யாருடைய கையில் இருக்கிறதோ அவர் விரும்பியதை ஒலிபரப்பலாம். நேயரின் அன்பு சட்டத்தின் கண்ணில் உரிமை ஆகாது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1993 டிசெம்பரில், அதே நிலையம் மீண்டும் ரொக் இசைக்கு மாறிற்று. இம்முறை அதனைத் தடுக்க ஒருவராலும் முடியவில்லை. முழுநேரமும் சாஸ்திரீய சங்கீதம் வழங்கும் வர்த்தக நிலையமாக அந்த மாநகரில் நமது டபிள்யூ. கியூ. எக்ஸ். ஆர். மட்டுமே எஞ்சியது.

அந்த வழக்கைப் பற்றிப் படிக்கும்போது எமக்குத் தோன்றுவது ஒன்று. நேயர் சங்கத்தாரிடம் ஆர்வம் இருந்தது, வழக்கறிஞர் இருந்தனர், ஊரின் அனுதாபமும் இருந்தது. அனுமதிப் பத்திரம் மட்டும் இருக்கவில்லை. தென்னை நட்டவன் ஒருவன், காணி உறுதி மற்றொருவன் பேரில் என்றால், இளநீர் யாருக்கு என்பதில் வாதம் எதற்கு?

உறுதியைத் தம் பேரில் எழுதிக்கொள்ளும் வழியை முதலிற் கண்டவர்கள், அதே ஊரிலுள்ள மற்றொரு நிலையத்தார். நியூயோர்க் மாநகர ஆட்சி 1924 முதல் டபிள்யூ. என். வை. சி. என்ற வானொலியைச் சொந்தமாக நடத்திவந்தது. 1995இல் மேயர் ஜூலியானி, வானொலி நடத்துவது மாநகர ஆட்சியின் வேலையன்று எனக் கருதி அதனை விற்க முற்பட்டார். நேயர் நன்கொடைகளைத் திரட்டிவந்த அறநிலையமே முன்வந்து, இரண்டு கோடி டொலரை ஆறு ஆண்டுகளிற் செலுத்துவதாக ஒப்புக்கொண்டு, 1997இல் அதனைத் தன் உடைமையாக்கிக்கொண்டது. நேயரின் பணம் இப்போது மாதச் செலவுக்கு மட்டுமன்றி, அனுமதிப் பத்திரத்தையே வாங்குவதற்கும் உதவலாயிற்று.

இங்கே ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். நேயர் பணத்தில் நடக்கும் நிலையம் சங்கீதத்தை என்றும் கைவிடாது என்று எண்ணுவது தவறு. 2001 செப்டெம்பர் 11ஆம் திகதி உலக வர்த்தக மையக் கோபுரங்கள் வீழ்ந்தபோது, டபிள்யூ. என். வை. சி.யின் பண்பலை ஒலிபரப்பிக் கருவியும் அவற்றுடன் அழிந்தது. அதன் பின்னர் செய்திக்கும் உரையாடலுக்கும் நேயர் பெருகினர். 2002இல் அந்நிலையம், பகல் வேளையில் வழங்கிவந்த சாஸ்திரீய சங்கீதத்தை நிறுத்தி, அவ்விடத்தில் பேச்சு நிகழ்ச்சிகளை வைத்தது. நீண்டகாலம் சந்தா கொடுத்துவந்த இசையன்பர் பலர் மனம் நொந்தனர். சிலர் இனிக் கொடுப்பதில்லை எனச் சொன்னார்கள். கொடுப்பவர் கூட்டம் எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கம் நிலையமும் சாயும். இம்முறையின் பலமும் அதுவே, பலவீனமும் அதுவே.

இனி 2009ஆம் ஆண்டு. முந்திய ஆண்டின் பணநெருக்கடி உலகெங்கும் பரவியிருந்தது. 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகை கடனில் தத்தளித்தது. மெக்சிக்கோ நாட்டுச் செல்வர் ஒருவரிடம் 25 கோடி டொலர் கடன் வாங்கும் நிலைக்கு வந்திருந்தது. வீட்டில் நெருக்கடி வந்தால் முதலில் விலைபோவது வீணையல்லவா? வானொலியை விற்பதென முடிவாயிற்று. ஏற்கெனவே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருந்தமையால், வாங்குபவர் எதனை ஒலிபரப்பினாலும் கேட்பாரில்லை.

அவ்வாண்டு யூலையில் வெளியான ஒப்பந்தம் சற்றுச் சிக்கலானது. மூவர் சம்பந்தப்பட்டது. ஸ்பானிய மொழி ஒலிபரப்பில் முன்னணியில் நின்ற யுனிவிஷன் கம்பனியிடம் 105.9 என்ற இடம் இருந்தது. அதனிலும் வலிமை மிக்க 96.3ஐ அது விரும்பியது. இரண்டையும் மாற்றிக்கொள்வதற்காக அது பத்திரிகைக்கு 3 கோடியே 35 இலட்சம் டொலர் கொடுத்தது. அவ்வாறு கைக்கு வந்த 105.9ஐயும், டபிள்யூ. கியூ. எக்ஸ். ஆர். என்ற பெயரையும் டபிள்யூ. என். வை. சி. அறநிலையம் 1 கோடியே 15 இலட்சம் டொலருக்கு வாங்கியது. பத்திரிகைக்குக் கிடைத்த மொத்தத் தொகை நாலரைக் கோடி டொலர்.

இந்த எண்களிற் சற்றுத் தரித்து நிற்கவேண்டும். எழுபத்தைந்து விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான பணம், வானொலி முகப்பில் ஓர் எண்ணிலிருந்து இன்னோர் எண்ணுக்கு இடம் மாறுவதற்காக மட்டும் கொடுக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலான சங்கீதப் புகழும், பெயரும், எஞ்சிய இடமும் சேர்ந்து மற்றைய கால்வாசிக்குப் போயின. 96.3இன் வலு 6,000 வாற்று, 105.9இன் வலு ஏறத்தாழ 600 வாற்று. பத்தில் ஒரு பங்கு!

2009 ஒக்டோபர் 8ஆம் திகதி இரவு மாற்றம் நிகழ்ந்தது. அன்றிலிருந்து 96.3இல் ஸ்பானிய மொழி ஒலித்தது, சங்கீதம் 105.9க்கு வந்தது. நகரின் நடுவே வாழ்ந்தவர்களுக்குக் குமிழைச் சிறிது திருப்பும் வேலைதான். தூரத்துப் புறநகர்களில் வாழ்ந்தவர்களுக்கோ ஒலி தேய்ந்தது. சிலருக்கு அறவே நின்றுபோயிற்று. சங்கீதம் காப்பாற்றப்பட்டது என்று நகரத்தார் மகிழ்ந்த அதே இரவில், பல்லாண்டுக் காலம் கேட்டுவந்த வயோதிபர் சிலர் தம் வானொலிப் பெட்டியில் இரைச்சலையே கேட்டிருப்பர். பின்னர் 2013இல் நகருக்கு வடக்கேயுள்ள ஒஸினிங் என்னும் ஊரில் சிறு நிலையமொன்றை வாங்கி, அப்பகுதியாருக்கு ஒலியை மீட்டுக் கொடுத்தனர். இணையம் வழியாகவும் அது கிடைக்கிறது, கொழும்பிலிருந்தும் கேட்கலாம். ஆயினும் சமையலறை வானொலிப் பெட்டியோடு வாழ்ந்து பழகியவருக்கு இணையம் ஈடாகுமா என்பது வேறு விஷயம்.

பணம் எவ்வாறு சேர்கின்றது என்பதையும் சொல்லிவிடலாம். ஆண்டில் சில தடவை, சில நாட்களுக்கு, அறிவிப்பாளர் சங்கீதத்தின் இடையே வந்து நேயரிடம் நேராகக் கேட்பார். இவ்வளவு நேரத்துள் இவ்வளவு தொகை சேர்ந்தால் அதே அளவு தாமும் தருவதாகச் செல்வர் ஒருவர் வாக்களித்திருப்பார். கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லப்படும். அறக்கொடையாதலால் வரிச்சலுகையும் உண்டு. ஒரே முறையிற் பெருந்தொகை கொடுப்பவரைவிட, மாதந்தோறும் சிறுதொகை கொடுக்க இசைபவரையே நிலையங்கள் அதிகம் விரும்புகின்றன. அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்பது அப்போதுதான் தெரியும். கம்பனிகளும் உதவுவதுண்டு. அவற்றின் பெயரை அமைதியாகச் சொல்வார்களேயன்றி, 'இன்றே வாங்குங்கள்' என்று கூவமாட்டார்கள். இந்த யாசகக் காலம் பலருக்குச் சலிப்பைத் தருவது உண்மை. பாட்டு எப்போது தொடங்கும் என்று ஏங்க வைத்துவிடுவார்கள். சவர்க்காரப் பாட்டைவிட இது மேலா என்று எம்மைக் கேட்டால், மேல் என்றே சொல்வோம். கேட்பவனிடம் கேட்கிறார்கள்; கேட்பவனுக்காகவே நடத்துகிறார்கள்.

நியூயோர்க்கில் நடந்தது மற்றைய நகரங்களிலும் அடுத்தடுத்து நடந்தது. பொஸ்டன் நகரில் அதே 2009இன் இறுதியிலும், சான் பிரான்சிஸ்கோவில் 2011 தொடக்கத்திலும், சியாட்டிலில் 2011 மே மாதத்திலும் சாஸ்திரீய சங்கீத நிலையங்கள் விளம்பரத்தை விட்டு நேயர் ஆதரவுக்கு மாறின. சியாட்டில் நிலையத்தின் கதை வேறு வகையில் அழகானது. அதன் சொந்தக்காரரான சகோதரிகள் இருவர், குடும்பத்தின் ஒலிபரப்புக் கம்பனியை விற்றபோதும் இந்த ஒரு நிலையத்தை மட்டும் விற்காது, 1994இல் நகரத்துக் கலை நிறுவனங்களின் நன்மைக்கென்று தானமாகவே கொடுத்துவிட்டனர்.

1967இல் அமெரிக்க அரசாங்கம் சட்டமொன்று இயற்றி, வர்த்தக நோக்கமற்ற ஒலிபரப்புக்கு உதவிப் பணம் வழங்கத் தொடங்கியது. 2025 யூலையில் அந்நாட்டுப் பாராளுமன்றமான காங்கிரஸ், அடுத்த இரண்டாண்டுகளுக்கென ஒதுக்கியிருந்த 110 கோடி டொலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெருநகர நிலையங்களின் வருவாயில் அரசாங்கப் பணம் சிறு பங்குதான். கிராமப்புறத்துச் சிறு நிலையங்கள் பலவற்றுக்கோ அது பெரும் பங்கு. லூயிஸ் ஹில்லின் நூற்றுக்கு இருவர் என்ற பழைய கணக்கை அவை இப்போது தம் ஊரின் சனத்தொகையோடு வைத்துப் பார்க்கவேண்டியிருக்கின்றது. ஆயிரம் பேர் வாழும் ஊரிலே நூற்றுக்கு இருவர் என்றால் இருபது பேர்தாம்.

நேயரிடம் பணம் மட்டும் கேட்கப்படவில்லை. 2014இல் டபிள்யூ. கியூ. எக்ஸ். ஆர். நிலையத்தார், வீடுகளில் மீட்டுவாரின்றிக் கிடக்கும் வாத்தியங்களைத் தாருங்கள், நகரத்துப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம் என்று அறிவித்தனர். ஆயிரக்கணக்கில் வாத்தியங்கள் வந்து குவிந்தன. அவற்றுள் ஒன்று பழைய வயலின். கொடுத்தவர் தொண்ணூறு வயது கடந்த, போலந்து நாட்டிற் பிறந்த யூதர். நாஸிகளின் காலத்துக் கொடுமைகளில் குடும்பத்தவரை இழந்து உயிர் தப்பியவர். போர் முடிந்தபின் ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்தபோது, 1947இல், ஒரு பெட்டி சிகரெட்டைப் பண்டமாற்றாகக் கொடுத்து அந்த வயலினை வாங்கியிருந்தார். அது நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் உள்ள சிறுமியர் பாடசாலை ஒன்றுக்குச் சென்று, பன்னிரண்டு வயதளவான ஒரு மாணவியின் கையிற் கொடுக்கப்பட்டது. முதியவரும் சிறுமியும் பின்னர் நேரிற் சந்தித்தனர். அச்சந்திப்பை வைத்து 2016இல் 'ஜோவின் வயலின்' என்ற குறும்படம் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்ட படங்களுள் அதுவும் ஒன்று. அதிலே அவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, தாம் நெடுநாள் தொடாது வைத்திருந்த வயலினை அந்தச் சிறுமி அவருக்கு வாசித்துக் காட்டுகிறாள்.